பிழை சொல்லும் சான்று



வீட்டுக் கணினியில் காணொளிக் கோப்பு ஒன்றை ஒரு வடிவிலிருந்து மற்றொரு வடிவுக்கு மாற்றும்போது நேரும் பிழைகளைப் பற்றி இன்று உங்களோடு பேச விரும்புகிறேன். பொருளின் பெயரைக் கேட்ட மாத்திரத்தில், இது கணினித் துறையில் தேர்ந்தவர்களுக்கு உரிய பேச்சு என்று சிலர் எண்ணக்கூடும். அப்படி அன்று. பள்ளி ஆண்டு விழாவைக் கைப்பேசியில் படம் பிடித்தவர், ஊர்ப் பெரியவர் ஒருவரின் பேச்சை ஆய்வுக்காகப் பதிவு செய்தவர், வீட்டுத் திருமணத்தின் பழைய குறுந்தகட்டைக் காப்பாற்றி வைக்க நினைப்பவர் ஆகிய எல்லோரும் என்றாவது ஒருநாள் இந்த வேலையில் இறங்கவே நேரும். இறங்கியவர்களுள் பலர், திரையில் புரியாத ஒரு வரி தோன்றி வேலை நின்றுவிட்டால் அத்தோடு கை சோர்ந்துவிடுகிறார்கள். சிலர், கோப்பே கெட்டுவிட்டது என்று முடிவு கட்டி அதை அழித்தும் விடுகிறார்கள். அழித்தது திரும்ப வருவது அரிது. ஆகவே இதை நிதானமாக ஆராய்வது நலம்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிழைச் செய்தி என்பது, நடந்ததை நேரில் கண்ட ஒருவர் கூறும் சாட்சியம் போன்றது. அதை முறையாக விசாரித்தால், குற்றம் எங்கே இருக்கிறது என்பதைப் பெரும்பாலும் அதுவே காட்டிக் கொடுத்துவிடும். விசாரணைக்கு ஒரு முறை உண்டு. அந்த முறையைத்தான் இங்கே விளக்கப் போகிறேன்.

முதலில், காணொளிக் கோப்பு என்பது என்ன என்று தெரிந்துகொள்வோம். அதை ஒரு பெட்டியாகக் கருதிக்கொள்ளுங்கள். பெட்டிக்குள்ளே படம் ஒரு கட்டாகவும், ஒலி ஒரு கட்டாகவும் வைக்கப்பட்டிருக்கும். சில பெட்டிகளில் வசன வரிகள் மூன்றாவது கட்டாக இருப்பதும் உண்டு. கோப்பின் பெயருக்குப் பின்னால் எம்.பி.4 என்றும், ஏ.வி.ஐ. என்றும், எம்.கே.வி. என்றும் காண்கிறோம் அல்லவா? அவை யாவும் பெட்டியின் பெயர்களே. எம்.கே.வி. என்ற பெட்டியை வகுத்தவர்கள் 2002-ஆம் ஆண்டில் அதற்கு மட்ரோஸ்கா என்று பெயரிட்டார்கள். ஒன்றனுள் ஒன்றாக அடங்கியிருக்கும் ரஷ்ய மரப்பொம்மைகளை நினைவூட்டும் பெயர் அது. பொருத்தமான பெயர்தான்.

பெட்டிக்குள் இருக்கும் படம் அப்படியே வைக்கப்படுவதில்லை. சுருக்கி மடித்து வைக்கப்படுகிறது. ஏன் சுருக்க வேண்டும்? கணக்கிட்டுப் பாருங்கள். அகலத்தில் 1920 புள்ளிகளும் உயரத்தில் 1080 புள்ளிகளும் கொண்ட ஒரு படத்தில், ஒவ்வொரு புள்ளிக்கும் மூன்று பைட்டு வேண்டுமானால், ஒரு படத்துக்கு 62,20,800 பைட்டு ஆகிறது. விநாடிக்கு 25 படங்கள் ஓடினால், ஒரு மணி நேரத்துக்கு ஏறக்குறைய 560 கிகாபைட்டு வேண்டும். இவ்வளவையும் எந்த வீட்டுக் கணினி எளிதில் தாங்கும்? ஆகவே சுருக்கும் முறைகளை அறிஞர்கள் வகுத்தார்கள். அவற்றுக்குக் கோடெக் என்று பெயர். எச்.264 என்ற முறை 2003-லும், எச்.265 என்ற முறை 2013-லும், ஏ.வி.1 என்ற முறை 2018-லும் வெளிவந்தன.

இதிலிருந்து ஓர் உண்மை விளங்குகிறது. பெட்டியின் பெயர் ஒன்றாக இருந்தாலும், உள்ளே மடித்திருக்கும் முறை வேறாக இருக்கலாம். “இதுவும் எம்.பி.4, அதுவும் எம்.பி.4, அது ஓடுகிறது, இது ஏன் ஓடவில்லை?” என்று கேட்பவர்களுக்கு விடை இதுதான். புதிய கைப்பேசி எச்.265 முறையில் மடித்துத் தந்ததைப் பிரிக்கப் பழைய கணினிக்குத் தெரியாவிட்டால், ஒலி மட்டும் கேட்கும். திரை கறுத்தே இருக்கும். கோப்பு கெட்டுவிடவில்லை, பிரிக்கும் முறையை அறிந்த நிரல் அந்தக் கணினியில் இல்லை. அவ்வளவே.

மாற்றுதலும் இருவகைப்படும். உள்ளிருக்கும் கட்டுகளைத் தொடாமல் பெட்டியை மட்டும் மாற்றுவது ஒரு வகை. இது விரைவில் முடியும். படத்தின் தரம் அணுவளவும் குறையாது. கட்டைப் பிரித்து வேறு முறையில் மீண்டும் மடிப்பது மற்றொரு வகை. இதற்கு மணிக்கணக்கில் நேரம் ஆகலாம். ஒவ்வொரு முறையும் படத்தின் தெளிவு சிறிதேனும் குறையும். ஆதலால், பெட்டியை மாற்றினால் போதுமா, உள்ளிருப்பதையே மாற்ற வேண்டுமா என்று முதலில் தீர்மானித்துக்கொள்வது நல்லது. தேவையற்ற வேலையைத் தவிர்த்தால், அதில் நேரக்கூடிய பிழைகளையும் தவிர்த்தவர்கள் ஆவோம்.

இவ்வேலைக்கு எஃப்.எஃப்.எம்பெக் என்ற நிரல் உலகெங்கும் பயன்படுகிறது. பிரான்சு நாட்டவரான ஃபாப்ரிஸ் பெல்லார் 2000-ஆம் ஆண்டில் இதைத் தொடங்கினார். கட்டளைகளைத் தட்டச்சு செய்து இதை இயக்க வேண்டும். பொத்தான்களை அழுத்தியே வேலை வாங்க விரும்புகிறவர்களுக்கு ஹேண்ட்பிரேக் என்ற நிரல் இருக்கிறது. இரண்டும் விலையின்றிக் கிடைப்பவை. இனி நான் சொல்லும் எடுத்துக்காட்டுகள் இவற்றில் காணக்கூடியவை.

விசாரணையில் முதற்படி, செய்தியைப் படிப்பது. எதைப் படிப்பது? பெரும்பாலோர் கடைசி வரியைப் படிக்கிறார்கள். கடைசி வரியில் “கன்வர்ஷன் ஃபெயில்ட்” என்று இருக்கும். மாற்றம் தோல்வியுற்றது என்பது அதன் பொருள். அது நமக்கு முன்பே தெரிந்த செய்தி அன்றோ? அது தீர்ப்பு, காரணம் மேலே இருக்கிறது. முதற்கோணல் முற்றுங்கோணல் என்பது பழமொழி. ஒரு பிழை நேர்ந்தால் அதைத் தொடர்ந்து பத்துப் பிழைகள் வரிசையாக எழும். ஆகவே மேல்நோக்கிச் சென்று, முதலாவதாகத் தோன்றிய பிழை எது என்று தேடுங்கள். ஹேண்ட்பிரேக் நிரலிலும் நடந்தவற்றை வரிவரியாகக் குறித்து வைக்கும் ஏடு ஒன்று உண்டு. அதைத் திறந்து படிக்கலாம்.

சில செய்திகளின் பொருளைச் சொல்கிறேன். “நோ சச் ஃபைல் ஆர் டைரக்டரி” என்று வந்தால், நீங்கள் சொன்ன பெயரில் கோப்பு அங்கே இல்லை என்று பொருள். கோப்பைக் கண்ணெதிரே பார்த்துக்கொண்டிருக்கும்போதே இச்செய்தி வருவது உண்டு. காரணம் பெரும்பாலும் பெயரில் உள்ள இடைவெளி. “ஆண்டு விழா” என்று இரு சொற்களாகப் பெயரிட்டிருந்தால், கட்டளையைப் படிக்கும் கணினி “ஆண்டு” என்பதோடு பெயர் முடிந்தது என்று கொள்ளும். பெயரை மேற்கோள் குறிகளுக்குள் இட்டால் குறை தீரும். “பெர்மிஷன் டினைட்” என்றால், அந்த இடத்தில் எழுத உங்களுக்கு உரிமை இல்லை. வேறு இடத்தில் எழுதச் சொல்லுங்கள். “நோ ஸ்பேஸ் லெஃப்ட் ஆன் டிவைஸ்” என்றால் வட்டில் இடமில்லை. “அன்னோன் என்கோடர்” என்றால், நீங்கள் கேட்ட முறையில் மடிக்க உங்களிடம் உள்ள நிரலின் பதிப்புக்குத் தெரியாது. முழுமையான பதிப்பைப் பெற வேண்டும். இவற்றுள் எதிலும் உங்கள் காணொளிக்கு ஒரு தீங்கும் நேரவில்லை என்பதைக் கவனியுங்கள்.

“மூவ் ஆட்டம் நாட் ஃபவுண்ட்” என்று ஒரு செய்தி உண்டு. இது சற்றுக் கடியது. எம்.பி.4 பெட்டியில், எந்தப் படம் எங்கே இருக்கிறது என்பதைக் காட்டும் அட்டவணை ஒன்று இருக்கிறது. நூலுக்குப் பொருளடக்கம் போன்றது அது. காமிராவும் கைப்பேசியும் பெரும்பாலும் பதிவு முடிந்த பின்னரே இந்த அட்டவணையை எழுதுகின்றன. பதிவின் நடுவில் மின்கலம் தீர்ந்துவிட்டால், படங்கள் இருக்கும், அட்டவணை இராது. அட்டவணை இல்லாத கோப்பை எந்த நிரலும் திறக்க மறுக்கும். ஆயினும் நம்பிக்கை இழக்க வேண்டுவதில்லை. அதே காமிராவில் அதே அமைப்பில் எடுத்த நல்ல கோப்பு ஒன்றை மாதிரியாகக் காட்டினால், அதைப் பார்த்து அட்டவணையை மீண்டும் எழுத முயலும் நிரல்கள் உள்ளன. அன்ட்ரங்க் என்பது அவற்றுள் ஒன்று. எப்போதும் வெற்றி கிட்டும் என்று சொல்வதற்கில்லை. ஆனால் முயலாமல் அழிப்பது தகாது.

விசாரணையில் இரண்டாம் படி, ஒரே கேள்வியில் அடங்கும். வேலை எங்கே நின்றது? மறுமுறை முயன்றபோதும் அதே இடத்தில் நின்றதா, வேறு இடத்தில் நின்றதா? இக்கேள்வியின் அருமையைப் பலர் உணர்வதில்லை. ஒவ்வொரு முறையும் அதே இடத்தில் நின்றால், குற்றம் கோப்பிலோ, கோப்பு இருக்கும் வட்டிலோ இருக்கிறது என்று கருதலாம். ஒருமுறை பத்தாம் நிமிடத்திலும், மறுமுறை முப்பதாம் நிமிடத்திலும் நின்றால், கோப்பின்மேல் பழி சொல்லலாகாது. அப்போது கணினியைச் சந்தேகிக்க வேண்டும். காணொளியை மடிக்கும் வேலை, கணினியின் மூளையை மணிக்கணக்கில் முழு வேகத்தில் உழைக்க வைக்கிறது. காற்றோட்டம் இல்லாமல் வெப்பம் ஏறினாலும், நினைவகத்தில் பழுது இருந்தாலும், மற்றச் சிறு வேலைகளில் தெரியாத குறை இவ்வேலையில் வெளிப்படும். விசிறியில் படிந்த தூசியைத் துடைத்து, மற்ற நிரல்களை மூடிவிட்டு, மீண்டும் முயன்று பாருங்கள்.

இக்கேள்வியின் பயனை நான் நேரில் கண்டிருக்கிறேன். எனக்குத் தெரிந்த கல்லூரி மாணவி ஒருவர், தம் பாட்டியாரும் அவருடைய தோழியரும் பாடிய நடவுப் பாட்டுகளை ஆய்வுக்காகப் படம் பிடித்திருந்தார். இரண்டு மணி நேரப் பதிவு. ஏட்டில் எங்கும் எழுதப்படாத பாட்டுகள். கல்லூரியில் ஒப்படைப்பதற்காக அதை மாற்ற முயன்றபோது, 41-ஆம் நிமிடத்தில் வேலை நின்றுவிட்டது. தரத்தைக் குறைத்துப் பார்த்தார்; வேறு வடிவுக்கு மாற்றிப் பார்த்தார்; வேறு நிரலைக் கொண்டும் முயன்றார். பயனில்லை. பதிவே பழுதாகிவிட்டது என்று முடிவு செய்தார். காமிராவின் நினைவட்டையை அழித்துவிட்டு, ஊருக்குப் போய் மறுபடியும் பாடச் சொல்லிப் பதிவு செய்வதென்று புறப்பட இருந்தார்.

“மூன்று முறையும் எங்கே நின்றது?” என்று நான் கேட்டேன். “41-ஆம் நிமிடத்தில்தான்” என்றார். மாற்றும் வேலையை விட்டுவிட்டு, அந்தக் கோப்பை வேறொரு வட்டுக்கு வெறுமனே நகல் எடுக்கச் சொன்னேன். நகல் எடுக்கும் வேலையும் நடுவில் நின்றுபோயிற்று. குறிப்பேட்டைத் திறந்து பார்த்தால், “இன்புட் அவுட்புட் எரர்” என்ற சொற்கள் முன்பே அங்கே எழுதப்பட்டிருந்தன. வட்டிலிருந்து படிக்க இயலவில்லை என்பது அதன் பொருள். பழைய வட்டின் ஓரிடம் பழுதாகியிருந்தது. மாற்றும் நிரல் என்ன செய்யும்? நல்ல வேளையாக நினைவட்டை இன்னும் அழிக்கப்படவில்லை. அதிலிருந்து புதிய வட்டுக்கு நகல் எடுத்தபின், மாற்றம் தடையின்றி முடிந்தது. அடுத்த ஆண்டில், பாடியவர்களுள் இருவர் காலமானார்கள். அந்தப் பாட்டுகளை மீண்டும் அவர்கள் வாயால் கேட்க வேறு வழி இல்லை. ஒரு கேள்வியைக் கேட்காமல் இருந்திருந்தால் எவ்வளவு இழந்திருப்போம் என்று எண்ணிப் பாருங்கள்.

மூன்றாம் படி, நாம் கேட்டது நடக்கக்கூடியதுதானா என்று பார்ப்பது. எல்லாப் பெட்டியிலும் எல்லாக் கட்டும் அடங்கா. எடுத்துக்காட்டாக, 2010-ல் கூகிள் நிறுவனம் வெளியிட்ட வெப்எம் என்ற பெட்டி, வி.பி.8, வி.பி.9, ஏ.வி.1 என்னும் முறைகளில் மடித்த படத்தை மட்டுமே ஏற்கும். எச்.264 முறையில் மடித்ததை அதில் வைக்கச் சொன்னால், நிரல் மறுத்துவிடும். மறுக்கும்போது எவற்றை ஏற்கும் என்பதையும் சொல்லிவிடுகிறது. படிப்பவர்களுக்கு அதிலேயே விடை இருக்கிறது.

இன்னொரு விந்தையான மறுப்பு உண்டு. படத்தின் அளவைச் சிறிதாக்கும்போது, உயரம் இரண்டால் வகுபடவில்லை என்று நிரல் குறை கூறும். இரண்டால் வகுபட்டால் என்ன, படாவிட்டால் என்ன என்று நமக்குத் தோன்றும். மனிதக் கண், வெளிச்சத்தின் வேறுபாட்டை நுட்பமாக உணர்கிறது. நிறத்தின் வேறுபாட்டை அவ்வளவு நுட்பமாக உணர்வதில்லை. ஆகையால் வழக்கமான முறையில், வெளிச்சத்தை ஒவ்வொரு புள்ளிக்கும் தனித்தனியே குறித்துவிட்டு, நிறத்தை மட்டும் அகலத்தில் இரண்டும் உயரத்தில் இரண்டுமாக நான்கு புள்ளிகளுக்குச் சேர்த்து ஒருமுறை குறிக்கிறார்கள். அளவு ஒற்றைப்படை எண்ணாக இருந்தால், ஓரத்துப் புள்ளிகளுக்கு இணை கிடைக்காது. 405 என்பதை 404 என்றோ 406 என்றோ மாற்றினால் தடை நீங்கும். பிழைச் செய்தி ஒன்றைத் துருவிப் பார்த்தால் மனிதக் கண்ணின் இயல்பே அங்கு வெளிப்படுகிறது! கல்வி எங்கெல்லாம் மறைந்திருக்கிறது, பாருங்கள்.

நான்காம் படி, செய்தி எதுவும் சொல்லாமல் நேரும் பிழைகளைக் கண்டறிவது. வாய்விட்டுக் கூறும் பிழையைவிட வாய்மூடி இருக்கும் பிழை கொடியது. வேலை முடிந்தது என்று கணினி அறிவிக்கும், கோப்பும் ஓடும், ஆனால் போகப் போகப் பேசுபவரின் உதடு ஒன்று சொல்ல, ஒலி ஒன்று சொல்லும். அமெரிக்கத் தொலைக்காட்சி முறையில் விநாடிக்கு 29.97 படங்கள் ஓடுகின்றன. அதை 30 என்று கொண்டு மடித்துவிட்டால், வேறுபாடு ஆயிரத்தில் ஒரு பங்குதான். ஆயினும் ஒரு மணி நேரம் ஓடியபின் படத்துக்கும் ஒலிக்கும் இடையே 3.6 விநாடி இடைவெளி விழுந்துவிடும். கைப்பேசிகளில் வேறொரு சிக்கல். வெளிச்சம் குறைந்தால் அவை படங்களின் எண்ணிக்கையைத் தாமே குறைத்துக்கொள்வது உண்டு. ஒரே சீரான வேகத்தில் படங்களை அமைக்குமாறு நிரலுக்குச் சொன்னால் இக்குறை பெரும்பாலும் தீரும்.

மற்றொன்று, பென் டிரைவின் குறை. இடம் ஏராளமாக இருந்தும், கோப்பு 4 கிகாபைட்டை எட்டியதும் எழுதும் வேலை நின்றுவிடும். ஃபாட் 32 என்ற ஒழுங்கில் அமைந்த வட்டில், ஒரு கோப்பு 4 கிகாபைட்டை எட்டக் கூடாது என்பது விதி. எக்ஸ்ஃபாட் என்ற ஒழுங்குக்கு மாற்றினால் இத்தடை இல்லை. ஆனால் ஒழுங்கை மாற்றும்போது அதில் உள்ளவை யாவும் அழியும். ஆகவே அவற்றை முன்னதாக வேறிடத்தில் சேர்த்து வையுங்கள்.

இவ்வளவும் சொன்னபின், கடைப்பிடிக்க வேண்டிய பழக்கங்கள் நான்கினைச் சொல்லி முடிக்கிறேன். ஒன்று, ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். பெட்டி, முறை, அளவு ஆகிய மூன்றையும் ஒருங்கே மாற்றினால், குறை தீர்ந்தாலும் எதனால் தீர்ந்தது என்று தெரியாது. தீராவிட்டாலோ எதைச் சந்தேகிப்பது என்று தெரியாது. ஆய்வுக்கூடத்தில் உங்கள் ஆசிரியர் கற்பிக்கும் பாடமும் இதுவே. இரண்டு, இரண்டு மணி நேரக் கோப்பை மாற்றுமுன், அதில் முப்பது விநாடியை மட்டும் மாற்றிப் பாருங்கள். பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம். மூன்று, மாற்றி முடித்ததைத் தொடக்கம், நடு, முடிவு என்று மூன்றிடங்களிலேனும் ஓட்டிப் பாருங்கள்; மொத்த நேரம் மூலக் கோப்பின் நேரத்தோடு ஒத்திருக்கிறதா என்று பாருங்கள். நான்காவது எல்லாவற்றிலும் முக்கியமானது. மூலக் கோப்பை அழிக்காதீர்கள். மீண்டும் மடித்த படம் எவ்வளவு நன்றாக இருந்தாலும் அது நகலே. நாளைக்கு இன்னும் சிறந்த முறை ஒன்று வரும்போது, மூலத்திலிருந்து மாற்றினால் தெளிவு கிடைக்கும். நகலின் நகலிலிருந்து மாற்றினால் மங்கலே மிஞ்சும். இயன்றால் மூலத்தை இரண்டு வட்டுகளில் வைத்துக் காப்பாற்றுங்கள்.

பதறாத காரியம் சிதறாது என்பார்கள். பிழை தோன்றும்போது முதலில் பதற்றம் வருவது இயல்பு. அப்போது கையைச் சற்றே நிறுத்தி, செய்தி என்ன சொல்கிறது, எங்கே நின்றது, நாம் கேட்டது ஆகக்கூடியதா, முடிந்தது உண்மையில் முடிந்ததா என்ற நான்கு கேள்விகளையும் வரிசையாகக் கேளுங்கள். வைத்தியரும் நீதிபதியும் விஞ்ஞானியும் தத்தம் துறையில் இப்படித்தான் விசாரிக்கிறார்கள். வீட்டு மேசைமேல் இருக்கும் கணினியைக் கொண்டே அந்தப் பயிற்சியை நீங்கள் பெறலாம். பெற்றால், உங்கள் வீட்டாரின் குரலும் முகமும் உங்களுக்குப் பின்வருபவர்களுக்கும் கிடைக்கும்.